சுன்னாகத்துக் கிணறுகளும் கழிவெண்ணெயும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்குகிறது. அதைத்தான் சனங்கள் கிணறு வெட்டிக் குடிக்கிறார்கள், தோட்டத்துக்கும் இறைக்கிறார்கள். மழைநீர் இறங்கும் அதே வெடிப்பு வழியாக எண்ணெயும் இறங்கும் என்பதைச் சுன்னாகம் உலகுக்குக் காட்டியது.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணம் நாட்டின் பிரதான மின்வழங்கலில் இருந்து துண்டிக்கப்பட்டது. அதனால் எண்ணெயில் இயங்கும் மின்பிறப்பாக்கிகளே ஊருக்கு வெளிச்சம் தந்தன. சுன்னாகம் மின்நிலைய வளாகத்தில் மின்சார சபையும் தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்து மின்சாரம் உற்பத்தி செய்தன. மின்சாரம் கம்பி வழியே வீடுகளுக்குப் போனது. கழிவெண்ணெய் மண் வழியே கிணறுகளுக்குப் போனது!

சுற்றுவட்டார மக்கள் கிணற்று நீரில் எண்ணெய்ப் படலத்தையும் வாடையையும் கண்டு முறையிட்டனர். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பர் முதல் 2014 யூலை வரை 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றுள் 109 கிணறுகளில் எண்ணெய், கொழுப்பின் அளவு அனுமதிக்கப்பட்ட வரம்பைத் தாண்டியிருந்தது. அதாவது நான்கில் ஏறக்குறைய மூன்று கிணறுகள்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. "எண்ணெய், கொழுப்பு" என்ற சோதனை எல்லா எண்ணெய்ப் பொருட்களையும் சேர்த்தே அளக்கும். அது சமையல் எண்ணெயா, டீசலா என்று பிரித்துச் சொல்லாது. பென்சீன், தொலுயீன் போன்ற நச்சுப் பொருட்களுக்குத் தனிச் சோதனை வேண்டும். தண்ணீரைவிட எண்ணெய் பாரம் குறைந்தது, மேலே மிதக்கும். ஆனால் கரைந்த பகுதி கண்ணுக்குத் தெரியாது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது மிதக்கும் எண்ணெயும் கீழே இறங்கி மண்ணில் ஒட்டிக்கொள்ளும். மாரியில் நீர் ஏறும்போது அது மீண்டும் நீரோடு சேரும். ஆகவே ஒருநாள் எடுத்த ஒரு போத்தல் தண்ணீரை வைத்து முடிவு சொல்ல முடியாது. பல கிணறுகளில், பல பருவங்களில் அளக்க வேண்டும்.

வடக்கு மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவோ ஆபத்தான பெற்றோலியப் பொருட்கள் இல்லை என்றது. குடிக்கலாமா, கூடாதா? இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவில் மக்கள் தவித்தனர். பவுசரில் வந்த தண்ணீருக்காகக் குடங்களோடு காத்திருந்தனர். 2015 இல் போராட்டங்களும் நடந்தன.

அதே ஆண்டு வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. நொதர்ன் பவர் நிறுவனம் நிலத்தடி நீரை மாசுபடுத்தியது என்று கண்ட நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இங்கே கையாளப்பட்டது.

குறைந்தது 500 பேர், ஆளுக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாத தொகை. இது ஒரு கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்ய உதவலாம். சுண்ணாம்புக்கல்லுக்குள் புகுந்த எண்ணெயை எடுக்க உதவாது. ஓர் எண்ணெய் ஆலை வருமுன்பே அயல் கிணறுகளை அளந்து குறித்துவைத்தால், பின்னால் வரும் எண்ணெய் யாருடையது என்ற வாதத்துக்கே இடமிருக்காது. அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு, 109 கிணறுகளை இழப்பதைவிட எவ்வளவோ குறைவு.