கூலியை மறந்த கோட்பாடுகள்: ஹாதார்ன் முதல் அகமதாபாத் வரை

மேலாண்மைப் பாடநூல்கள் பணி ஊக்கத்தின் வரலாற்றை ஓர் ஏறுமுகக் கதையாகவே சொல்கின்றன. தொழிலாளி காசுக்கு உழைப்பவன் என்றார் டெய்லர். அவனுக்கு மனம் உண்டு என்றார் மேயோ. அந்த மனத்தின் தேவைகளை மாஸ்லோவும் ஹெர்ஸ்பெர்க்கும் வகைப்படுத்தினார்கள். இந்த வரிசையில் கூலி ஒவ்வொரு படியிலும் பின்னுக்குப் போகிறது. ஆய்வுகள் நடந்த ஆலைகளின் பதிவுகளோ வேறு கதை சொல்கின்றன. அங்கே கூலி கடைசிவரை களத்தில்தான் இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டெய்லரின் கணக்கு பலரும் அறிந்தது. 1899இல் பெத்லகேம் எஃகு ஆலையில் நாளொன்றுக்கு 12.5 டன் இரும்புக்கட்டி சுமந்தவர் 47.5 டன் சுமந்தார், கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆனது. சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி உயர்வு சுமார் 60 விழுக்காடு. 1911இல் அவரே எழுதிய இந்த விவரத்தின் துல்லியத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் ஐயுற்றனர். ஆனாலும் டெய்லர் கூலியை மறைக்கவில்லை.

மறைப்பு தொடங்கியது சிகாகோ அருகே, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில். 1927இல் தொலைபேசி ரிலே பூட்டும் இளம்பெண்கள் சிலரைத் தனி அறையில் அமர்த்திச் சோதனை தொடங்கினார்கள். ஒரு ரிலேயில் 35 வாக்கில் சிறு உறுப்புகள். பூட்டி முடித்ததைச் சரிவுத்துளையில் போட்டால் கருவி எண்ணிக்கொள்ளும். இடைவேளை கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள், பிறகு கொடுத்ததைத் திரும்பப் பெற்றுப் பார்த்தார்கள். இரண்டரை ஆண்டில் உற்பத்தி சுமார் 30 விழுக்காடு உயர்ந்தது. மதிப்பும் கவனமும் கிடைத்ததால் பெண்கள் மனமுவந்து உழைத்தார்கள் என்ற மேயோ வழி விளக்கம் உலகெங்கும் பரவியது.

பரவாத செய்திகள் மூன்று. தனி அறைக்கு வருமுன் அவர்களின் ஊதியம் சுமார் நூறு பேர் கொண்ட பிரிவின் மொத்த உற்பத்தியைச் சார்ந்திருந்தது. அறைக்குள் அது அவர்களின் சிறு குழுவின் உற்பத்தியை மட்டுமே சார்ந்தது. கூடுதலாகப் பூட்டிய ஒவ்வொரு ரிலேயும் நேரே சம்பளக் கவருக்குள் போனது. அடுத்து, அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று 1928 ஜனவரியில் இருவரை வெளியேற்றி வேறு இருவரை அமர்த்தினார்கள். கூலி முறையை மட்டும் மாற்றி இன்னொரு ரிலே குழுவைச் சோதித்தபோது உற்பத்தி சுமார் 13 விழுக்காடு ஏறியது. பழைய முறைக்குத் திரும்பியதும் சரிந்தது. இவையெல்லாம் ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும் 1939இல் வெளியிட்ட பெருநூலிலேயே உள்ளன. 1967இல் அலெக்ஸ் கேரி அவற்றை எடுத்துக்காட்டித்தான் கடுமையாக விமர்சித்தார். அதாவது, தரவை யாரும் ஒளிக்கவில்லை. முடிவுரை தரவைக் கேட்கவில்லை.

அதே ஆலையில் 1931-32இல் கம்பி இணைப்புப் பிரிவின் 14 ஆண்களைக் கவனித்தபோது நிலைமை தலைகீழ். அவர்களும் குழுக் கூலிக்காரர்கள்தாம். ஆனால் நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று தங்களுக்குள் வரம்பு வைத்திருந்தார்கள். மீறியவனின் புஜத்தில் ஓங்கி ஒரு குத்து விழும். ரேட்டைக் குறைத்துவிடுவார்கள், ஆளைக் குறைத்துவிடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு. மேயோ வழியினர் இதைத் தர்க்கம் சாராத குழு உணர்வு என்றார்கள். பெருமந்தக் காலத்தில் வேலை போய்விடும் என்று அஞ்சியதில் தர்க்கக் குறைவு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் தேவைகளின் படிநிலை உண்டு. புகழ்பெற்ற அந்தப் பிரமிடுப் படம் கிடையாது. ஹெர்ஸ்பெர்க் 1959இல் ஊதியத்தை, அதிருப்தியைத் தவிர்க்க மட்டுமே உதவும் காரணிகளில் சேர்த்தார். ஆனால் அவர் குழு பேட்டி கண்ட 203 பொறியாளர்களும் கணக்காளர்களும் மனம் நிறைந்த தருணங்களைச் சொன்னபோதும் ஊதியத்தைக் குறிப்பிட்டிருந்தார்கள்.

இந்திய ஆய்வாளர்கள் அதிகம் எடுத்தாள வேண்டிய இடம் அகமதாபாத். 1917இல் பிளேக் பரவி ஊரே காலியானபோது, தொழிலாளர் ஓடிவிடாமலிருக்க ஆலை முதலாளிகள் பிளேக் போனஸ் கொடுத்தார்கள். நோய் தணிந்ததும் அதை நிறுத்தினார்கள். அதற்குள் விலைவாசி ஏறி, அந்தப் பணம் குடும்பச் செலவில் கலந்துவிட்டிருந்தது. 1918ஆம் ஆண்டுப் போராட்டத்தில் முதலாளிகள் பக்கம் அம்பாலால் சாராபாய், தொழிலாளர் பக்கம் அவருடைய அக்கா அனசூயா, நடுவே உண்ணாநோன்பிருந்த காந்தி. 35 விழுக்காடு உயர்வில் அது முடிந்தது.

சாராபாய் குடும்பத்தின் காலிகோ ஆலைக்குத்தான் 1953இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ. கே. ரைஸ் வந்தார். தானியங்கித் தறிக்கூடத்தில் 224 தறிகள், 29 பேர், 12 வகை வேலைகள். நெசவாளிக்கு ஒரு கணக்கில் தறிகள், நூல் நிரப்புபவருக்கு வேறொரு கணக்கு, அறுந்த இழையை முடிபவருக்கு இன்னொன்று. யார் யாரோடு சேர்ந்து உழைக்கிறார் என்பதே தெளிவில்லை. குறிப்பிட்ட தறிகளை ஒரு குழுவே முழுப் பொறுப்பில் ஏற்கட்டும் என்று ரைஸ் யோசனை சொன்னதும், மேஸ்திரிகளும் தொழிலாளரும் தாங்களே குழு பிரித்துக்கொண்டார்கள். தொடக்கத் தடுமாற்றத்துக்குப் பின் உற்பத்தித் திறன் உயர்ந்தது, துணிச்சேதம் குறைந்தது. இதற்கிடையே ஊதியத் தரங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் கூலி முறையையும் மாற்றியிருந்தார்கள். ஆகவே பலனில் குழுவின் பங்கு எவ்வளவு, கூலியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்க முடியாது. குழுவின் வெற்றி என்று மட்டும் கற்பிப்பது ஹாதார்ன் தவறை இந்திய மண்ணிலும் செய்வதாகும்.

1970இல் டாவிஸ்டாக் நிறுவனத்தின் எரிக் மில்லர் காலிகோ ஆலைக்கு வந்து பார்த்தார். தானியங்கி அல்லாத தறிக்கூடம் ஒன்றில் குழுமுறை ஏறத்தாழ மாறாமல் நீடித்திருந்தது. மற்ற இடங்களில் வெவ்வேறு அளவில் சிதைந்துபோயிருந்தது.