ஞானோபதேசம்

கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படை நம்பிக்கைகளைப் பெரும்பாலும் வினாவும் விடையுமாகக் கற்பிக்கும் முறைக்கும் அதற்கென எழுதப்பட்ட நூலுக்கும் ஞானோபதேசம் என்று பெயர். தமிழ் லுத்தரன் சபையாரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் இப்பெயரை இன்றும் வழங்குகிறார்கள். கத்தோலிக்கர் முன்பு குறிப்பிடம் என்றார்கள், இப்போது மறைக்கல்வி என்கிறார்கள். திருமறையை முழுதும் வாசித்தறிய வாய்ப்பில்லாத காலத்தில் சாதாரணக் கிறிஸ்தவருக்குக் கோட்பாடு என்றால் இதுதான். வாசிக்கக் கற்றபின் திருமறையைப் புரிந்துகொண்ட விதத்தையும் இதுவே பெரிதும் தீர்மானித்தது.

எல்லாச் சபைகளின் ஞானோபதேசத்துக்கும் அடிப்படை ஒன்றே. விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம், பத்துக் கட்டளைகள், திருவருட்சாதனங்கள் என்ற நான்கையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் பொருள் கேட்பார்கள். முதல் மூன்றின் வாசகத்தில் சபைகளுக்குள் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடெல்லாம் பொருள் சொல்லும் இடத்தில்தான் தொடங்கும்.

கட்டளைகளின் எண் வரிசை இதற்கு எளிய சான்று. விக்கிரக வணக்கத்தைத் தடுக்கும் பகுதியைக் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் முதற்கட்டளையோடு சேர்த்து எண்ணுகிறார்கள். ஆங்கிலிக்கரும் சீர்திருத்த சபையாரும் அதைத் தனியாக இரண்டாம் கட்டளை ஆக்குகிறார்கள். மொத்தம் பத்தே வரவேண்டும் என்பதால், பிறர் பொருளை இச்சிப்பது பற்றிய கடைசிப் பகுதியை முன்னவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள், பின்னவர்கள் ஒன்றாக வைக்கிறார்கள். ஆகவே விபசாரத்தைத் தடுக்கும் கட்டளை லுத்தரன் சபையைச் சேர்ந்த தரங்கம்பாடிப் பிள்ளைக்கு ஆறாவது, ஆங்கிலிக்க மரபில் வளர்ந்த பாளையங்கோட்டைப் பிள்ளைக்கு ஏழாவது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே தமிழ் வேதாகமத்தைக் கையில் வைத்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

ஐரோப்பியப் பின்னணி

1528இல் சாக்சனி நாட்டுக் கிராமச் சபைகளைப் பார்வையிடச் சென்ற மார்ட்டின் லுத்தர், மக்களுக்கு மட்டுமல்ல, குருமார் பலருக்கும் அடிப்படை தெரியவில்லை என்று கண்டார். 1529இல் அவர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தின் பகுதிகள் முதலில் சுவரில் மாட்டும் தாள்களாகவே அச்சாயின. வீட்டுத் தலைவன் தன் பிள்ளைகளுக்கும் வேலைக்காரருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் அதன் அர்த்தம் என்ன என்று கேட்டு, ஓரிரு வாக்கியத்தில் விடை சொல்லி முடிப்பது அந்நூலின் அமைப்பு. சுருக்கத்தில் அதை மிஞ்சிய ஞானோபதேசம் பின்னர் வரவில்லை என்றே சொல்லலாம்.

பிறகு சபைக்கு ஒன்றாக நூல்கள் பெருகின. 1563இல் வந்த ஹைடல்பர்க் ஞானோபதேசம் 129 வினாக்களை ஆண்டின் 52 ஞாயிறுகளுக்குப் பங்கிட்டது. கத்தோலிக்கத் திருச்சபை 1566இல் திரெந்து சங்கத்தின் வழியில் பங்குக் குருக்களுக்கென ஒரு பெருநூலை வெளியிட்டது. பிரஸ்பிட்டேரியரின் வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய ஞானோபதேசத்தில் 107 வினாக்கள். ஆங்கிலிக்கரின் ஞானோபதேசம் 1549ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்திலேயே இடம்பெற்றது. சாதனங்கள் பற்றிய பகுதி அதில் 1604இல்தான் சேர்ந்தது. பிள்ளையின் பெயரைக் கேட்டுத் தொடங்கி, அந்தப் பெயரைச் சூட்டியவர் யார் என்று அடுத்துக் கேட்கும் நூல் அது.

இத்தனை நூல்கள் ஏன் என்றால், நற்கருணைப் பகுதியைப் பார்த்தால் தெரியும். அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறிவிடுகின்றன என்பது கத்தோலிக்கர் விடை. அவை மாறுவதில்லை, ஆயினும் கிறிஸ்துவின் உடல் அவற்றில் மெய்யாகவே இருக்கிறது என்பது லுத்தரன் விடை. விசுவாசி ஆவிக்குரிய விதத்தில் கிறிஸ்துவில் பங்குபெறுகிறான் என்பது சீர்திருத்த சபையாரான கால்வின் வழியினர் விடை. சிறிய ஞானோபதேசம் வெளிவந்த அதே 1529இல் லுத்தரும் சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்கிலியும் மார்பர்க் நகரில் கூடிப் பேசினார்கள். 15 கூறுகளில் 14இல் உடன்பட்டார்கள். உடன்படாத ஒன்று நற்கருணை.

முத்துக்குளித்துறையும் முதல் அச்சும்

தமிழில் இந்தப் போதனை அச்சுக்கு முன்பே குரலாக வந்துவிட்டது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி, பிரமாணத்தையும் ஜெபங்களையும் கட்டளைகளையும் தமிழாக்கச் செய்து, மனப்பாடம் பண்ணிக்கொண்டார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி ஓதுவித்ததையும், அந்தப் பிள்ளைகளே வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்ததையும் 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். ஞாயிறுகளில் பிரமாணத்தின் ஒவ்வொரு கூற்றையும் சொல்லி, நம்புகிறீர்களா என்று கேட்பார். பரதவ மக்கள் மார்பின் மேல் கைகளைக் குறுக்காக வைத்து ஆம் என்பார்கள்.

1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் ஒரு தமிழ் உபதேச நூல் அச்சாயிற்று. தமிழ் எழுத்திலேயே அச்சான முதல் நூல் 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கம். அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் அழைத்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் மொழிபெயர்த்த 16 பக்க ஞானோபதேசம் அது. அச்சுச் செலவில் பரதவர் பங்கு பெரியது. அதன் பிரதி ஒன்று ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. மறு ஆண்டு நவம்பரில் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் வந்தது. போர்ச்சுக்கீசிய இயேசு சபைத் துறவி மார்க்கோஸ் ஜோர்ஜ் பிள்ளைகளுக்காக உரையாடல் வடிவில் எழுதிய நூலின் தமிழாக்கம் இது. ஆக, தமிழ் அச்சு வரலாற்றின் முதல் இரு நூல்களும் ஞானோபதேசங்களே. இலக்கிய வரலாறுகள் அச்சு என்ற புதுமையைப் பேசுமளவுக்கு, அச்சேறிய பொருளைப் பேசுவதில்லை.

கேட்பவர் யார்

வினாவிடை வடிவம் தமிழுக்கு வெளியிலிருந்து வந்ததன்று. சைவ சித்தாந்த சாத்திரங்களில் ஒன்றான உண்மை விளக்கத்தில் மனவாசகங் கடந்தார் கேட்க, மெய்கண்டார் விடை சொல்கிறார். ஆனால் அங்கே கேட்பவர் மாணவர். அறியாதவர் கேட்கிறார், அறிந்தவர் சொல்கிறார். ஐரோப்பிய ஞானோபதேசத்தில் இது தலைகீழ். விடை தெரிந்த குரு கேட்கிறார், பிள்ளை ஒப்புவிக்கிறது. இங்கே வினா ஐயத்தின் குரலாக ஒலிப்பதில்லை, பரீட்சையின் குரலாகவே ஒலிக்கிறது.

கீழை நாடுகளுக்கு வந்த மிஷனரிகள் சிலர் இந்த வேற்றுமையை உணர்ந்தே இருந்தார்கள். மார்க்கோஸ் ஜோர்ஜின் அதே நூல் ஜப்பானிய மொழியில் 1590களில் அச்சானபோது பாத்திரங்கள் இடம் மாறின: சீடன் கேட்டான், குரு விடை சொன்னார். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியும் குருவும் சீடனும் உரையாடும் வடிவில் நித்திய ஜீவன சல்லாபத்தை எழுதினார். அவருடைய பெரிய ஞானோபதேசமோ மனப்பாடத்துக்கான கைந்நூலன்று, தர்க்கத்தால் நிறுவிச் செல்லும் விரிவுரை. படித்தவரோடு வாதிட அது வேண்டியிருந்தது. கடற்கரைக் கிராமத்துப் பிள்ளைக்குக் குறுகிய வினாவிடையே போதுமானதாக இருந்தது. இந்த இரட்டைப் பாதை தமிழ்க் கிறிஸ்தவத்தில் பிறகும் தொடர்ந்தது.

தரங்கம்பாடி

1706 ஜூலையில் தரங்கம்பாடி வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். பள்ளிப் பிள்ளைகள் அதை அன்றாடம் ஓதினார்கள். 1713இல் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. தரங்கம்பாடி அச்சகத்தில் சிறு பிரசுரங்களும் ஞானோபதேசமும், பிறகு 1715இல் முழுமையான புதிய ஏற்பாடும் வெளிவந்தன.

சீகன்பால்கு இன்னொன்றும் செய்தார். தமிழரோடு நடத்திய சமய உரையாடல்களை எழுதி வைத்தார். அவரும் உடன் மிஷனரி கிரண்ட்லரும் கேள்விகள் அனுப்பித் தமிழரிடமிருந்து பெற்ற 99 கடிதங்கள் ஜெர்மனில் அச்சாயின. ஞானோபதேசத்தில் இடம் கிடைக்காத கேள்விகளை இவற்றில் காணலாம். பசுவைக் கொன்று தின்று, குடித்து, குளிக்காமல் கோயிலுக்குப் போகிறவர்களின் சமயம் எப்படி மேலானதாகும் என்பது அவற்றின் சாரம். மனப்பாடப் புத்தகத்துக்கு வெளியே, மாணவர் கேட்கும் பழைய தமிழ் முறை இங்கே உயிரோடு இருந்தது. தமிழில் கிறிஸ்தவக் கோட்பாடு எதிர்கொண்ட உண்மையான சோதனைக்கு இந்தக் கடிதங்களே நல்ல சான்று.

லுத்தரன் நூல்கள் பரவியதும் கத்தோலிக்கத் தரப்பிலிருந்து வீரமாமுனிவர் எழுந்தார். உபதேசியார்களுக்கு அவர் எழுதிய வேதியர் ஒழுக்கம் 1727ஐச் சேர்ந்தது. மறு ஆண்டு வேத விளக்கம். தரங்கம்பாடியார் எழுதிய திருச்சபை பேதகத்துக்கு விடையாகப் பேதக மறுத்தல் எழுதினார். அவர்களிடம் அச்சகம் இருந்தது, இவரிடம் இருந்தவை ஓலையும் எழுத்தாணியும். ஆனால் உரைநடைப் போட்டியில் வென்றவர் ஓலைக்காரர்தான். சாதாரண வாசகனுக்கு விளங்க வேண்டும் என்ற நெருக்கடி தமிழ் உரைநடைக்கு எத்தனை நன்மை செய்தது என்பதை இந்தச் சண்டை நூல்களைப் படித்தால் அறியலாம்.

உபதேசியார்

ஞானோபதேசத்தைக் கிராமத்தில் நடத்தியவர் பெரும்பாலும் குருவானவரல்ல. குருவானவர் மாதத்துக்கு ஒருமுறையோ அதைவிட அரிதாகவோதான் வருவார். மணியடித்து மாலை ஜெபம் நடத்தவும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும், இறந்தவரை அடக்கம் பண்ணவும் ஊரில் இருந்தவர் உபதேசியார். கோயில்பிள்ளை என்றும் அழைப்பார்கள். தென்மாவட்டங்களில் அது ஆட்பெயராகவும் நிலைத்துவிட்டது. தரங்கம்பாடி மிஷனில் உபதேசியாராக இருந்த ஆரோன் 1733 டிசம்பர் 28இல் குருப்பட்டம் பெற்று, இந்தியரில் முதல் லுத்தரன் குருவானார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் தம் வேலையின் மையமாக வைத்ததும் உபதேசியார்களின் பயிற்சியையே. ஆங்கிலிக்க முறைகளில் உடன்படாமல் 1835இல் அவர் தம் மிஷன் சங்கத்திலிருந்து பிரிந்தபோது உபதேசியார்களும் சபைகளும் இரண்டாகப் பிரிந்தார்கள். கோட்பாட்டுப் பூசல் லண்டனில் முடிவாகும் காரியமாக இருந்தாலும் அதன் விலையைக் கொடுத்தவை திருநெல்வேலிக் கிராமங்கள்.

யாழ்ப்பாணம்

ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்தில் ஞானோபதேசம் அரசாங்கப் பாடமாகவே இருந்தது. கோயிற்பற்றுப் பள்ளிகளில் பிள்ளைகள் சீர்திருத்த சபையின் வினாவிடையை ஓதினார்கள். ஞானஸ்நானமும் திருமணமும் அங்கேயே பதிவாயின. ஓதத் தெரிந்தவர் எல்லாம் நம்பியவர் ஆகிவிடவில்லை என்பது 1796இல் ஆட்சி கைமாறியதும் தெளிவாயிற்று. பெயருக்குக் கிறிஸ்தவராயிருந்தோர் பெருந்தொகையாய்ச் சைவத்துக்கே திரும்பினர்.

அதன்பின் நடந்தது இன்னும் சுவையானது. வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்று, பீட்டர் பெர்சிவலுடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1854இல் வெளிவந்த சைவ தூஷண பரிகாரத்தில், சைவக் கிரியைகளைப் பழிக்கும் மிஷனரிகளுக்கு அவர்களுடைய பழைய ஏற்பாட்டின் பலிகளையும் தூபதீபங்களையும் எடுத்துக்காட்டி விடை கொடுத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் எழுதியது சைவ வினாவிடை. உண்மை விளக்கத்தின் சீடன் அதில் கேட்பதில்லை. ஆசிரியர் கேட்டு மாணவன் ஒப்புவிக்கும் வகுப்பறைக்கு ஏற்ற குறுவினாக்களே அதில் உள்ளன. எதிர்த்தவரின் கருவியை இவ்வளவு துல்லியமாக எடுத்தாண்டவர் வேறு யாருமில்லை.

இன்றைய நிலை

கத்தோலிக்க வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்வரை சின்னக் குறிப்பிடம் என்றால் புதுநன்மைக்கு முன் பிள்ளைகள் மனப்பாடம் பண்ணும் சிறு புத்தகம். திருமண ஓலை வாசிக்குமுன் மணமக்கள் சாமியாரிடம் மந்திரம், அதாவது மனப்பாட ஜெபங்கள், ஒப்புவிக்க வேண்டியிருந்தது. வளர்ந்த மாப்பிள்ளைகள் அதற்குப் பயந்த கதைகள் கடற்கரை ஊர்களில் ஏராளம். 1962–65இல் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு மனப்பாடம் பின்வாங்கி, திருமறைக் கதைகளும் வாழ்க்கை அனுபவமும் பாடமாயின.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், பிரஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனல் சபையார் தத்தம் ஞானோபதேச மரபோடு ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். லுத்தரன் சபை வெளியே நின்றது. இரு சபைகளிலும் திடப்படுத்தலுக்கு முன் சில வாரங்கள் ஞானோபதேச வகுப்பு நடக்கிறது. அதன் பிறகே பிள்ளை முதன்முறையாகத் திருவிருந்தில் பங்குபெறும்.

பெந்தெகொஸ்தே சபைகளில் வினாவிடை நூலுக்கு இந்த இடம் இல்லை. மனப்பாட வசனமும் முழுக்குக்கு முந்திய ஞானஸ்நான வகுப்புமே அங்கே போதனை. குழந்தை ஞானஸ்நானத்தை அவர்கள் ஞானஸ்நானமாகவே கொள்வதில்லை. பழைய சபைகளோ மறுஞானஸ்நானத்தை ஏற்பதில்லை. இன்று தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குள் அதிகம் நடக்கும் கோட்பாட்டு வாதம் இதுதான். ஆங்கிலிக்க ஞானோபதேசத்தின் இரண்டாம் வினாவே இந்த வாதத்தின் நடுவில் நிற்கிறது: பெயரைச் சூட்டியவர்கள் ஞானப் பெற்றோர் என்பது அதற்கான விடை; பிள்ளையின் சார்பில் வாக்குக் கொடுத்தவர்களும் அவர்களே. அறியாத வயதில் பிறர் கொடுத்த வாக்கைப் பிள்ளை வளர்ந்ததும் தன் வாயால் உறுதிசெய்வதே திடப்படுத்தல் என்று ஒரு தரப்பு சொல்கிறது. விசுவாசத்தைத் தானே அறிக்கையிட்டபின் பெறுவது மட்டுமே ஞானஸ்நானம் என்று மறுதரப்பு மறுக்கிறது.