பயதேர்னா யாரு, சித்தி?

போன வருஷம் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு, சிங்கப்பூரிலிருந்து அக்கா மகள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். அங்கே மணி பதினொன்றரை. அவளுக்கு பதினாலு வயசு. ஆறு வயதிலிருந்து பாலே கற்றுக்கொள்கிறாள். சிறார்களுக்கான ஒரு சர்வதேச பாலே போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். டீச்சர் அவளுக்கு ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தார்.

"சித்தி, பயதேர்னா யாரு? டீச்சர், கோயில்ல ஆடுற இந்தியப் பொண்ணுன்னு சொன்னாங்க. கிளாஸ்ல இந்தியப் பொண்ணு நான் ஒருத்திதான். எல்லாரும் திரும்பி என்னையே பார்த்தாங்க."

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள் நான். பாலேவுக்கும் எங்க ஊருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். தேடத் தேட, சம்பந்தம் இல்லாத இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவளுக்கு நான் அனுப்பிய நீண்ட குரல் பதிவுகளைச் சேர்த்து எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் போட்டியைப் பற்றி. பாலேவுக்கான சர்வதேசப் போட்டிகள் ரொம்பப் பழையவை அல்ல. 1964-ல் பல்கேரியாவின் வார்னா நகரில்தான் முதல் பெரிய போட்டி நடந்தது. வார்னாவும் எங்க ஊர் மாதிரி ஒரு துறைமுக நகரம். கருங்கடல் ஓரத்துப் பூங்காவில், திறந்தவெளி அரங்கில், ராத்திரி வெளிச்சத்தில் ஆடினார்கள். முதல் வருஷத்து உச்சப் பரிசு ரஷ்யாவின் விளாதிமிர் வசீலியேவுக்குப் போனது. இரண்டு வருஷம் கழித்து இளையோர் பிரிவில் தங்கம் வாங்கிய பையன் பெயர் மிகைல் பரிஷ்னிகோவ். பிறகு 1973-ல் சுவிட்சர்லாந்தில் பிரி த லோசான் தொடங்கியது. அது 15 முதல் 18 வயதினருக்கானது. 1999-ல் அமெரிக்காவில் யூத் அமெரிக்கா கிராண்ட் பிரி வந்தது. அதில் ஒன்பது வயதிலேயே மேடை ஏறலாம்.

இந்தப் போட்டிகளில் மெடலைவிடப் பெரிய பரிசு ஒன்று இருக்கிறது. நல்ல பாலே பள்ளியில் உதவித்தொகையோடு ஓர் இடம். பெரிய பள்ளிகளின் இயக்குநர்கள் நடுவர் வரிசையிலோ பார்வையாளர் வரிசையிலோ உட்கார்ந்திருப்பார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு வாழ்க்கையையே திறந்துவிடும்.

போட்டியில் முழு பாலே நாடகத்தையும் ஆட முடியாது. பழைய நாடகங்களிலிருந்து ஒரு தனி ஆட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து ஆடுவார்கள். அதை வேரியேஷன் என்கிறார்கள். ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அடவுகள் எல்லாருக்கும் ஒன்றுதான் என்பதால் ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டு மதிப்பெண் போடலாம். அப்படி உலகம் முழுக்கப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஆடும் நாடகங்களில் ஒன்று 'லா பயதேர்'. அதைத்தான் இவளுக்கும் கொடுத்திருந்தார்கள்.

*

லா பயதேர் 1877-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது. ஆட்டத்தை அமைத்தவர் மாரியஸ் பெதிபா, இசை லுட்விக் மின்குஸ். கதை கோல்கொண்டாவில் நடக்கிறது. நிகியா என்ற கோயில் நடனப்பெண்ணும் சோலோர் என்ற வீரனும் காதலிக்கிறார்கள். ராஜா தன் மகள் கம்சாத்தியை சோலோருக்குக் கட்டிவைக்க நினைக்கிறார். நிகியாவுக்கு ஒரு பூக்கூடை கொடுக்கப்படுகிறது. அதற்குள் பாம்பு. அவள் செத்துப்போகிறாள். சோலோர் அபின் புகைத்து மயங்கிக் கிடக்கும்போது, கனவில் நிகியாவின் ஆவியும் அவளைப் போன்ற ஆவிகளும் வரிசை வரிசையாகச் சரிவில் இறங்கி வருகின்றன. 'நிழல்களின் ராஜ்ஜியம்' என்று பெயர் பெற்ற காட்சி அது. இன்று பெரும்பாலும் 24 அல்லது 32 பெண்கள் அதில் ஆடுகிறார்கள்.

இவளுக்குக் கிடைத்தது அந்த நிழல்களில் ஒருத்தியின் தனி ஆட்டம். அதில் இந்தியா என்று சொல்ல ஒன்றுமே இல்லை. வெள்ளை உடை, வெள்ளைக் காலணி, நடு ஐரோப்பிய இசை. பெயரில் மட்டும்தான் நாம் இருக்கிறோம்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? போர்ச்சுகீசிய மொழியில் 'பைலார்' என்றால் ஆடுவது, 'பைலாதெய்ரா' என்றால் ஆடுகிறவள். இந்தியக் கரைகளுக்கு வந்த போர்ச்சுகீசியர்கள் கோயில்களில் ஆடிய பெண்களை அப்படிக் குறிப்பிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'பயதேர்' ஆக்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், 'பாலே' என்ற சொல்லுக்கும் வேர் அதே பழைய லத்தீன் சொல்தான். லா பயதேர் என்ற தலைப்புக்கு நேர் பொருள் 'ஆடுகிறவள்', அவ்வளவே.

போர்ச்சுகீசியர்கள் எங்க கரைக்கு முத்துக்காக வந்தவர்கள். 1530-களில் பரதவர்கள் கத்தோலிக்கம் தழுவியதும், 1542-ல் சவேரியார் வந்ததும் அதன் தொடர்ச்சி. 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்துக்கொண்டார்கள். போர்ச்சுகீசியர் போனாலும் பெர்னாண்டோ, கோமஸ் என்ற குடும்பப் பெயர்களும், ஜன்னல், சாவி, அலமாரி, மேஜை, ஏலம் போன்ற சொற்களும் நம்மிடம் தங்கிவிட்டன. பைலாதெய்ரா தங்கவில்லை. அவர்களுக்கு நாம் கொடுத்த ஆட்கள் பாரீசுக்குப் போனார்கள்.

*

இது உருவகம் இல்லை, நிஜமாகவே போனார்கள். 1838-ல் கடலூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவந்திபுரத்தைச் சேர்ந்த ஐந்து பெண்களும் மூன்று இசைக்காரர்களும் புதுச்சேரியில் கப்பல் ஏறினார்கள். தர்திவெல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் போட்டு அழைத்துப்போனார். ஐந்து பேர் பெயரும் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் கொச்சையாகப் பதிவாகியிருக்கிறது. தில்லே, அமனி, ராம்கூன், சவுந்திரூன், வேய்தூன். திருப்பிப் படித்தால் தில்லம்மாள், அம்மணி, ரங்கம், சவுந்தரம், வேதம் என்று நம் காதுக்குக் கேட்கும். தில்லம்மாளுக்கு முப்பது வயது, அம்மணிக்கு 18. ரங்கமும் சவுந்தரமும் பதின்வயதின் தொடக்கத்தில் இருந்தார்கள். எல்லாருக்கும் சின்னவள் வேதத்துக்கு ஆறு வயது.

இன்றைய போட்டி விதிகளை வைத்துப் பார்த்தால் ரங்கமும் சவுந்தரமும் கிராண்ட் பிரி மேடைக்குச் சரியான வயது. வேதத்தை "வயசு பத்தாது, மூணு வருஷம் கழிச்சு வா" என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

பாரீசில் அவர்கள் மன்னர் லூயி பிலிப் முன்னால் ஆடினார்கள். பிறகு வரியேத்தே அரங்கில் ஆடினார்கள். பாரீஸ்காரர்களுக்கு பயதேர் புதுசில்லை. 1830-லேயே 'கடவுளும் பயதேரும்' என்ற மேடை நாடகத்தில் புகழ்பெற்ற மரீ தக்லியோனி பயதேராக ஆடியிருந்தார். அதாவது நிஜ ஆட்கள் வருவதற்கு எட்டு வருஷம் முன்பே போலி வந்துவிட்டது. வந்த நிஜத்தை அந்தப் போலியோடு ஒப்பிட்டுத்தான் பார்த்தார்கள். கவிஞரும் விமர்சகருமான தெயோபில் கோத்தியே அம்மணியின் ஆட்டத்தில் மயங்கி எழுதினார். சிற்பி பார் அம்மணியைச் சிறு சிலையாக வடித்தார். அக்டோபரில் லண்டனின் அடெல்பி அரங்குக்குப் போனார்கள்.

கோத்தியே மூன்று வருஷம் கழித்து 'ஜிசெல்' பாலேவுக்குக் கதை எழுதினார். செத்துப்போன பெண்கள் வெள்ளை உடையில் ஆவியாக ஆடுவது அதில்தான். 1858-ல் சகுந்தலையின் கதையை பாலேவுக்காக எழுதிக் கொடுத்தார். அதற்கு ஆட்டம் அமைத்தவர் லூசியன் பெதிபா, மாரியஸின் அண்ணன். அப்படி ஒரு கை மாற்றி ஒரு கை போய் 19 வருஷத்தில் நிகியா பிறந்தாள். திருவந்திபுரத்துப் பெண்களின் ஓர் அடவுகூட அந்தப் பாலேக்குள் இல்லை. அவர்கள் வந்து போனது ஐரோப்பாவுக்கு ஓர் ஆசையை மட்டும் கூட்டிவிட்டது.

*

இதே கதை எங்க கடலுக்கும் நடந்திருக்கிறது. 1863-ல் பாரீசில் ஜார்ஜ் பிசே 'முத்துக்குளிப்பவர்கள்' என்று ஓர் ஆபரா போட்டார். கதை நடக்கும் இடம் இலங்கை, எங்களுக்கு எதிர்க்கரை. முதலில் மெக்சிகோவில் நடப்பதாகத்தான் யோசித்திருந்தார்கள். ஊர் எதுவானால் என்ன, தூரமாக இருந்தால் போதும். அதில் லெய்லா என்ற ஒரு கன்னிப் பூசாரிணி முகத்திரை போட்டுக்கொண்டு, குளிப்பவர்களைக் காப்பாற்றப் பாடிக்கொண்டே இருப்பாள். அவள் காதலித்தால் ஆபத்து. நிகியாவுக்கு அக்கா என்று வைத்துக்கொள்ளலாம்.

நிஜத்தில் அந்த வேலையைச் செய்தவர் கடல்கட்டி. சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரம் போடும் ஆண். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவே, மீன்களைக் கட்டுபவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலி என்று குறிப்பிடுகிறார். பிரிட்டிஷ் காலத்திலும் கடல்கட்டிகள் இருந்தார்கள். பேரம் பேசி கூலி வாங்கிய ஒரு மனுஷன், பாரீஸ் மேடையில் முகத்திரை போட்ட கன்னி ஆகிவிட்டார்.

எங்க தாத்தா முத்துக்குளிக்கப் போனவர். 1955-லிருந்து 1961 வரை இங்கே முத்துக்குளிப்பு நடந்தது, அதற்குப் பிறகு இல்லை. கல்லைக் கட்டிக்கொண்டு எட்டுப் பத்துப் பாகம் இறங்கி, ஒரு நிமிஷம் தம் கட்டி, சிப்பியை அள்ளி வலைப்பையில் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்து சைகை காட்ட வேண்டும். மேலே கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பது ஊர்ப்பேச்சு. கயிற்றை விட்டால் தாலி அறுவது அவன் கூடப்பிறந்தவளுக்கு. அதனால் விடமாட்டான். தாத்தா ஆபராவையும் பார்த்ததில்லை, பாலேயையும் பார்த்ததில்லை. லெய்லாவைப் பற்றிச் சொல்லியிருந்தால், "பாட்டுப் பாடினா போதுமா, கயிறை யாரு பிடிக்கா?" என்று கேட்டிருப்பார்.

தில்லம்மாளோடு போன அந்தச் சின்னப் பிள்ளைகளை நினைக்கும்போது எனக்கும் அந்தக் கேள்விதான் வருகிறது.

*

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 1902-ல் நிகியாவாக ஆடியவர் அன்னா பாவ்லோவா. இருபது வருஷம் கழித்து அவர் இந்தியாவுக்கு வந்தார். பிறகு 1928 வாக்கில் மறுபடி வந்தபோது, பம்பாயில் அவர் ஆட்டத்தைப் பார்த்து மயங்கியவர் ருக்மிணி தேவி அருண்டேல். இருவரும் ஆஸ்திரேலியாவுக்கு ஒரே கப்பலில் பயணம் செய்தார்கள். ருக்மிணி தேவி பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். உன் நாட்டின் கலையைத் தேடு என்று பாவ்லோவா அவரிடம் சொன்னார். பிறகு 1933-ல் சென்னை மியூசிக் அகாடமியில் சதிர் பார்த்தார், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றார், 1935-ல் மேடை ஏறினார், 1936-ல் கலாக்ஷேத்ரா பிறந்தது.

இன்று தூத்துக்குடியில் சனிக்கிழமை சாயங்காலம் பரதநாட்டிய வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இந்த நூலில் ஓர் இழை உண்டு. ஆனால் நூலின் தொடக்கத்தில் இருந்த குடும்பங்களுக்கு நடந்தது வேறு. 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்து சட்டம் வந்தது. சின்னப் பெண்களைக் கோயிலுக்குக் கட்டிவைக்கும் வழக்கத்தை நிறுத்தியது சரிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஆட்டம் மேடையேறி மரியாதை பெற்ற அதே காலத்தில், ஆடிய பெண்களைக் குறிக்கும் சொல் தெருவில் வசவானது. ஒரே தொழிலின் பெயர் பிரெஞ்சில் கப் வாங்கித் தருகிறது, தமிழில் தலைகுனிய வைக்கிறது. என் ஆச்சி முன்னால் அந்தச் சொல்லை நான் உச்சரித்திருந்தால் வாயில் அடி விழுந்திருக்கும்.

*

இப்போது பாலே உலகத்திலேயே கேள்விகள் எழுகின்றன. 2019-ல் ஒரு ரஷ்ய அரங்கின் லா பயதேரில் முகத்தில் கறுப்பு மை பூசிய சிறுமிகளின் படத்தைப் போட்டு, அமெரிக்க நடனக்கலைஞர் மிஸ்டி கோப்லேண்ட் கண்டித்தார். 2024-ல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில், பழைய அடவுகளையும் இசையையும் வைத்துக்கொண்டு கதையை மட்டும் ஹாலிவுட்டுக்கு மாற்றி ஆடினார்கள். இந்தியாவை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பது ஒரு வழி. தவறில்லை. ஆனால் எடுத்த பிறகு அந்த ஐந்து பேர் எங்கே போவார்கள்? அவர்கள் முதலிலேயே உள்ளே இல்லை, பெயரில் மட்டும்தான் இருந்தார்கள். பெயரும் போனால் கேட்பதற்கு எங்க அக்கா மகளுக்குக் கேள்விகூட மிஞ்சியிருக்காது.

அதனால் அவளிடம், "அந்த ஆட்டத்தை ஆடாதே"ன்னு நான் சொல்லவில்லை. அழகான ஆட்டம் அது. எட்டு வருஷம் கால் விரல் கன்றக் கன்ற அவள் உழைத்திருக்கிறாள். "நல்லா ஆடு. யாராவது கேட்டா, கோயில்ல ஆடுற இந்தியப் பொண்ணுன்னு மட்டும் சொல்லாதே. அஞ்சு பேர் சொல்லு" என்றேன். பெயர்களைத் தமிழில் டைப் செய்து அனுப்பினேன். வேதத்தின் வயதையும் சேர்த்தே அனுப்பினேன்.

போட்டியில் அவள் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. இரண்டு நாள் அழுதாள் என்று அக்கா சொன்னாள். மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். அடுத்த வருஷத்துக்கு வேற வேரியேஷன் பார்க்கலாம் என்றாராம் டீச்சர்.

"பயதேர் வேணாமா?"

"வேணும்னுதான் சொல்லியிருக்கேன் சித்தி. டீச்சருக்கு அந்த அஞ்சு பேரைப் பத்தித் தெரியவே தெரியாதாம். முப்பது வருஷமா அதைச் சொல்லித்தராங்களாம். இன்னொரு தடவை பேரைச் சொல்லுன்னு கேட்டு, நோட்ல எழுதிக்கிட்டாங்க."