அம்பதாயிரம் ரூபாயும் ஆறு அங்குலமும்

"எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?"

வானத்தை ஃபோட்டோ எடுக்க ஆசைப்படுகிற எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். ஆபீஸ்ல ரெண்டு பேர், காலேஜ் செட்ல ஒருத்தன், ஊர்ல சித்தப்பா பையன்னு இந்த வருஷம் மட்டும் நாலு பேர் என்கிட்ட கேட்டாச்சு. "முதல்ல டெலஸ்கோப்பே வாங்காதீங்க"ன்னு சொன்னா, ஏதோ நான் கடன் தர மாட்டேன்னு சொன்ன மாதிரி பார்க்கிறாங்க. சரி, நான் சொன்னா கேக்க மாட்டீங்க. நம்ம ஊர்ப்பக்கத்து வானியல் சரித்திரம் சொன்னா கேப்பீங்க இல்லையா? கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தப் போறேன். 1868 வரைக்கும் பின்னாடி போகும், பொறுத்துக்குங்க.

அதுக்கு முன்னாடி பட்ஜெட். எனக்கு ராசிபுரம் பக்கம். வாரநாள்ல பெங்களூர்ல ஆணி பிடுங்குறது, சனி ஞாயிறு ஊர்ல. அப்பாவுக்கு விசைத்தறி. எங்க வீட்ல அம்பதாயிரம்னா அது நூல்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம். அம்மா கணக்குல அரைப் பவுன். "ஏஞ்சாமி, இத்தனை காசைப் போட்டு அதுல என்னத்தப் பாக்கப் போற?"ன்னு அம்மா கேட்டா, பதில் சொல்ற மாதிரி செலவு பண்ணணும். அமெரிக்காக்காரன் எழுதுற "பிகினர் செட்டப்" லிஸ்ட்டைப் பார்த்தீங்கன்னா ஆரம்பமே ரெண்டு லட்சம். அது நமக்கு இல்லை.

என் பழைய ரூம்மேட் ஒருத்தன் முழுப் போனஸையும் போட்டு ஆறு அங்குலக் கண்ணாடி டெலஸ்கோப் ஒண்ணு வாங்கினான். ஃபோகல் லெங்த் 1,200 மில்லிமீட்டர். நிலாவைப் பார்த்தா அசந்து போவீங்க. ஆனா கேமராவை மாட்டி ஓரியன் நெபுலாவை எடுத்தா நட்சத்திரமெல்லாம் புழு மாதிரி நெளியுது. காரணம் சிம்பிள். பூமி சுத்துறதால வானம் செகண்டுக்கு 15 ஆர்க்செகண்டு நகருது. கிராப் சென்சார் கேமராவுல 18 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டா 17 செகண்டு வரைக்கும் நட்சத்திரம் புள்ளியா இருக்கும். 50 மில்லிமீட்டர்னா ஆறு செகண்டு. 1,200 மில்லிமீட்டர்னா கால் செகண்டு! கால் செகண்டுல நெபுலாவாவது ஒண்ணாவது. அந்தக் குழாய் இப்போ அவங்க வீட்டுப் பரண்ல, பழைய கிரைண்டருக்குப் பக்கத்துல படுத்திருக்கு.

ஆக, ஃபோட்டோவுக்கு முதல் தேவை வானத்தோட கூடவே திரும்புற ஸ்டாண்டு. மவுன்ட்னு சொல்றது. கண்ணாடியோட அகலம் அப்புறம்தான். இப்போ சரித்திரத்துக்கு வருவோம்.

1868 ஆகஸ்ட் 18. முழுச் சூரிய கிரகணம், பாதை அன்றைய மதராஸ் மாகாணத்தின் குண்டூர், மசூலிப்பட்டினம் வழியாகப் போகிறது. மேஜர் டென்னன்ட் என்கிற ராணுவ இன்ஜினியர் குண்டூரில் டேரா போடுகிறார். கையில் இங்கிலாந்திலிருந்து வந்த 9 அங்குல ரிஃப்ளெக்டர், பிரவுனிங் கம்பெனி தயாரிப்பு. அந்தக் காலத்து ஃபோட்டோ என்றால் ஈரத் தகடு. கண்ணாடியில் கொலோடியன் ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, காய்வதற்குள் கேமராவில் வைத்து எடுத்து, காய்வதற்குள் கழுவவும் வேண்டும். ஆகஸ்ட் மாச ஆந்திர வெயிலில், ஒரு கூடாரத்துக்குள். (நம்ம பசங்க ரா ஃபைல் பெருசா இருக்குன்னு அழறாங்க.) முழு மறைப்பு நடந்த அஞ்சு நிமிஷ சொச்சத்தில் ஆறு தகடு எடுத்தார்கள். சூரியனின் விளிம்பில் கொம்பு மாதிரி நீண்டிருந்த தீநாக்கு நன்றாக விழுந்தது. ஆனால் அதைச் சுற்றி இருக்கிற வெள்ளை ஒளி, கொரோனா, சரியாகச் சிக்கவில்லை.

மூணே வருஷத்தில் அடுத்த சான்ஸ். 1871 டிசம்பர் 12 கிரகணம் மலபார் கரையில் பேக்கல், நீலகிரி, அவினாசி, புதுக்கோட்டை, அப்படியே யாழ்ப்பாணம் என்று நம் பக்கமாகவே போனது. அவினாசியில் மதராஸ் ஆப்சர்வேட்டரியின் போக்சன் இருந்தார். டென்னன்ட் இந்த முறை ஏறியது தொட்டபெட்டா. பேக்கலில் லிண்ட்சே பிரபுவின் ஆள் டேவிஸ் கேமராவோடு நின்றார். இந்த ரெண்டு இடத்திலும் ஃபோட்டோவுக்கு வைத்திருந்தது பெரிய டெலஸ்கோப் இல்லை. ஃபோட்டோகிராஃபர்கள் பயன்படுத்துகிற வகை லென்ஸ் போட்ட சின்ன கேமரா, வானத்தோடு திரும்புகிற மவுன்ட்டின் மேல். முந்தின வருஷம், 1870ல், சிசிலி கிரகணத்தில் பிரதர்ஸ் என்ற மான்செஸ்டர் ஃபோட்டோகிராஃபர் இதே மாதிரி லென்ஸ் கேமராவில் கொரோனாவைப் பிடித்துக் காட்டியிருந்தார். 1871ல் முழு மறைப்பு சுமார் ரெண்டு நிமிஷம்தான், 1868ல் கிடைத்ததில் பாதி கூட இல்லை. ஆனாலும் கொரோனாவின் இழை இழையான அமைப்பு தகட்டில் விழுந்தது. ரன்யார்டு என்பவர் 1879ல் கிரகணங்களைப் பற்றித் தொகுத்த பெரிய நூலில் இந்தப் படங்களை வைத்து வரி வரியாக ஆராய்ந்திருக்கிறார்.

இதில் இன்ஜினியர் மூளைக்கு ஒரு விஷயம். நட்சத்திரம் மாதிரி புள்ளிக்குத்தான் வாய் அகலம் முக்கியம். கொரோனா, நெபுலா, பால்வீதி மாதிரி பரந்து கிடக்கிற பொருளுக்கு, தகட்டில் எவ்வளவு வெளிச்சம் விழும் என்பதை முடிவு பண்ணுவது எஃப் எண். அதாவது ஃபோகல் லெங்த்தை அகலத்தால் வகுத்தால் வருவது. எஃப் 8 எட்டு அங்குல டெலஸ்கோப்பும் எஃப் 8 ரெண்டு அங்குல லென்ஸும் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே வெளிச்சத்தைத்தான் கொட்டும். பெரிசில் படம் பெரிசா விழும், அவ்வளவுதான். ஆனா பெரிசைத் தாங்குற மவுன்ட்டோட விலை, குழாய் விலையைவிட அதிகம். எஃப் 1.8 போட்ட ஒரு சாதா 50 மில்லிமீட்டர் லென்ஸ், என் ரூம்மேட்டோட எஃப் 8 குழாயைவிட இந்தக் கணக்குல இருபது மடங்கு வேகம். இதை அவன்கிட்ட சொன்னப்போ மூணு நாள் பேசலை.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. இதில் சேலமும் வருது.

எங்க பக்கத்துப் பெருசுங்க "தாது வருஷப் பஞ்சம்"னு சொல்லிக் கேட்டிருப்பீங்க. 1876-78. மதராஸ் மாகாணத்தில் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்த பிறகு சர்க்காருக்கு ஒரு கேள்வி வந்தது: மழை பொய்ப்பதை முன்கூட்டியே சொல்ல முடியாதா? சூரியனில் வருகிற புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அப்போது பலர் நம்பினார்கள். சூரியனைத் தினமும் கவனிக்க ஒரு இடம் வேண்டும் என்ற யோசனைக்கு இந்தப் பஞ்சமும் ஒரு காரணம். 1895ல் கொடைக்கானலில் அஸ்திவாரம் போட்டு, 1899ல் வேலை தொடங்கியது.

தினமும் சூரியனை ஃபோட்டோ எடுக்க அங்கே எதை வைத்தார்கள் தெரியுமா? செகண்ட் ஹேண்ட் டெலஸ்கோப். பாரிஸில் லெரபூர் - செக்ரட்டான் கம்பெனி 1850ல் செய்த 6 அங்குல ரிஃப்ராக்டர். மதராஸ் ஆப்சர்வேட்டரியில் அரை நூற்றாண்டு இருந்தது. ஜேக்கப் என்ற டைரக்டர் 1855ல் "70 ஓபியூக்கி" என்ற இரட்டை நட்சத்திரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இருக்கலாம் என்று எழுதினாரே, அந்தக் காலமெல்லாம் பார்த்த கருவி. (அந்தக் கோள் நிக்கலை, ஆனா வேற நட்சத்திரத்துக்குக் கோள்னு முதன்முதல்ல கிளம்பின பேச்சுகள்ல ஒண்ணு நம்ம நுங்கம்பாக்கத்துல இருந்து!) 1898ல் டப்ளின் கிரப் கம்பெனியில் அதைப் பழுது பார்த்துப் புதுப்பித்து, கொடைக்கானலுக்கு ஏற்றினார்கள். 1904லிருந்து அங்கே சேர்ந்திருக்கிற சூரியப் படங்கள் நூறு வருஷத்துக்கும் மேல் நீளுகிற வரிசை. அதில் பெரும்பகுதி இந்தக் கிழவன் எடுத்தது. உலகத்தில் இப்படி நீண்ட வரிசை இருக்கிற இடங்கள் ரொம்பக் கொஞ்சம். இப்போது எல்லாவற்றையும் டிஜிட்டலாக்கி, சூரியச் சுழற்சியைப் படிக்கிறவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

புள்ளியை எண்ணி மழையைச் சொல்லிவிடலாம் என்ற ஆசை பலிக்கவில்லை. படங்கள் மட்டும் மிஞ்சின. ஆறு அங்குலம், பழைய சரக்கு, தினமும் ஒரு படம். இதைவிட நல்ல சிபாரிசு செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டுக்கு யார் கொடுக்க முடியும்?

இப்போ நம்ம வாசலுக்கே வந்துடுவோம். சேலத்துல இருந்து அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியா போனா ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில காவலூர். (20ஆம் நூற்றாண்டு தொடக்கம் வரை திருப்பத்தூர் தாலுகா சேலம் ஜில்லாதான், அதனால நாம கொஞ்சம் சொந்தம் கொண்டாடலாம்.) 1960ல் கொடைக்கானல் பொறுப்புக்கு வந்த வைணு பாப்பு, இரவு வானத்துக்கு இடம் தேடி இந்தக் காட்டைப் பிடித்தார். 12 டிகிரி அட்சரேகை என்பதால் தெற்கு வானமும் நிறையத் தெரியும் என்பது பெரிய காரணம். 1960களின் கடைசியில் அங்கே முதலில் நின்றது வெளிநாட்டுச் சரக்கு இல்லை. கொடைக்கானலில் சொந்தமாகச் செய்த 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப். ஜெர்மனியின் ஜெய்ஸ் ஒரு மீட்டர் வந்தது 1972ல். இந்தியாவிலேயே செய்த 2.34 மீட்டர் 1986ல். அதைப் பார்க்க பாப்பு இல்லை, 1982லேயே போய்விட்டார். பெயர் மட்டும் அவருடையது. ஹார்வர்டில் மாணவனாக இருந்தபோது 1949ல் தான் எடுத்த தகட்டில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டவர், அதனால் கேமரா மேல் அவருக்கு இருந்த மரியாதை புரிகிறது.

காவலூரில் இன்னொரு கருவி உண்டு, 45 சென்டிமீட்டர் ஷ்மிட். அதில் கண்ணை வைத்துப் பார்க்கவே முடியாது, முழுக்க முழுக்க கேமரா. வானத்தின் பெரிய துண்டு ஒன்றை ஒரே தகட்டில் அள்ளும். பக்கத்திலேயே ஒரு மீட்டரும் ரெண்டு மீட்டரும் இருக்க, 1988ல் ராஜமோகன் குழுவுக்குச் சிறுகோள் கிடைத்தது இதில்தான். ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள், எண் 4130. இதற்கு முன் போக்சன் மதராஸிலிருந்து சிறுகோள் கண்டுபிடித்தது 1885ல்.

சரி, அம்பதாயிரம் கணக்கு. பத்து வருஷப் பழைய டிஎஸ்எல்ஆர் பாடி ஒண்ணு பதினஞ்சு, இருபதுக்குள்ள தேத்தலாம். 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ், புதுசே பத்துக்குள்ள. அசையாத டிரைபாடு, இதுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். படங்களை அடுக்கிச் சேர்க்க டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் ரெண்டும் இலவசம். மோட்டார் வெச்ச டிராக்கர் வாங்கினா பட்ஜெட் காலி. அதனால முதல்ல கதவுக்கீல் டிராக்கர். ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் ஹேக் 1970கள்ல சொன்ன ஐடியா: ரெண்டு பலகை, ஒரு கீல், ஒரு போல்ட். கீலோட அச்சை துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வைக்கணும். எம்6 போல்ட்டுக்கு ஒரு சுத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஏற்றம். கீல்ல இருந்து 228.5 மில்லிமீட்டர் தள்ளி அந்தப் போல்ட்டைப் போட்டு, நிமிஷத்துக்கு ஒரு சுத்து கையால திருப்பினா, பலகை வானத்தோட வேகத்துல திறக்கும். 50 மில்லிமீட்டர் லென்ஸ்ல ஆறு செகண்டு ரெண்டு நிமிஷமா மாறும். லாரிக்கு பாடி கட்டுற நாமக்கல்லயும் போர்வெல் ரிக் கட்டுற திருச்செங்கோட்டுலயும் இதைச் செய்ய ஆள் இல்லைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. எனக்குச் செஞ்சு கொடுத்த பட்டறை அண்ணன் காசே வாங்கலை. "இதுல எத்தனை கிலோமீட்டர் தெரியுமுங்க?"ன்னு மட்டும் கேட்டார்.

நம்ம ஊர்ல ஒரு தொல்லை உண்டு. துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல 11 டிகிரிதான். சேலம் டவுன்ல நின்னா அது ஏற்காட்டு மலைப் பக்கம், ஊர் வெளிச்சமும் புழுதியும் கலந்த மங்கல்ல கிடக்கும். வடக்கு திறந்திருக்கிற இடமாப் பிடிங்க, இல்லைன்னா கொல்லிமலையில எழுபது கொண்டை ஊசி ஏறுங்க. பதிலுக்குக் கிடைக்கிறது தெற்கு. ஏப்ரல், மே ராத்திரியில ஒமேகா சென்டாரி 31 டிகிரி உயரத்துக்கு வரும், அதுக்கும் கீழே தெற்குச் சிலுவை. லண்டன்காரன் எத்தனை லட்சம் செலவு பண்ணினாலும் இது ரெண்டும் அவன் வீட்டு மாடிக்கு வராது.

போன மே மாசம் அந்தப் பலகையில எடுத்த ஒமேகா சென்டாரி, சின்னதா ஒரு பஞ்சு உருண்டை, எங்க தறிக் கொட்டாய்ல காலண்டர் பக்கத்துல ஒட்டியிருக்கு. அம்மா பார்த்துட்டு, "இது இங்கிருந்தே தெரியுதா?"ன்னு கேட்டாங்க. வெளியே கூட்டிப் போய் இடத்தைக் காட்டினேன்.

டிஸ்கி: கொடைக்கானல் மாதிரி தினமும் சூரியனை எடுக்க ஆசை இருந்தா 300 மில்லிமீட்டர் ஜூமே போதும், பெரிய புள்ளிகள் விழும். ஆனா லென்ஸுக்கு முன்னாடி முறையான சோலார் ஃபில்டர் கட்டாயம். எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ் எல்லாம் கூடாது. கண்ணுக்கு செகண்ட் ஹேண்ட் மார்க்கெட் கிடையாது :-)