நெருஞ்சிலை இனங்காணல்: இலையும் பூவும் காயும்

1. ஆய்வுப் பொருள்

மலாக்கா நீரிணையைப் பார்த்துக் கிடக்கும் தங்கா பத்து மழை வளம் உள்ள மலேசிய ஊர். அங்குள்ள தமிழர்க்கு நெருஞ்சில் பெரும்பாலும் மருந்துக்கடைச் சரக்காகவே அறிமுகம். தார் பாலைவனம் முதல் தென்தமிழ்நாட்டு வறண்ட நிலங்கள் வரை தரையோடு படரும் இச்செடிக்கு 1753இல் லின்னேயஸ் ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ் எனப் பெயரிட்டார். மஞ்சள் பூவை மட்டும் நம்பி இதை இனங்காண முடியாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. பூ

ஐந்து இதழ்கள், பத்து மகரந்தத் தாள்கள், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அகலம். கடற்கரை மணலில் முளைக்கும் பருப்புக்கீரைக்கும் ஐந்து மஞ்சள் இதழ்களே பெரும்பாலும் உண்டு. வெப்பமண்டலக் கடற்கரைகளில் வளரும் ட்ரிபுலஸ் சிஸ்டாய்டஸ் இதே பேரினத்தைச் சேர்ந்தது. அதன் பூ நெருஞ்சிற்பூவைவிடப் பெரிது.

3. இலை

இங்கேதான் ஐயம் பாதி தீர்கிறது. நெருஞ்சிலின் இலை கூட்டிலை. சிற்றிலைகள் இணை இணையாக நிற்கும். ஒரே கணுவில் எதிரெதிராக வரும் இரண்டு இலைகளில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். பருப்புக்கீரைக்கு வழவழப்பான, சதைப்பற்றுள்ள தனியிலை. பெருநெருஞ்சிலுக்கும் (பெடாலியம் மியூரெக்ஸ்) தனியிலைதான், விளிம்பில் பற்கள் உண்டு. அதன் பச்சைக் கொம்பைத் தண்ணீரில் கலக்கினால் நீர் கொழகொழவென்று கெட்டியாகும். நெருஞ்சிலில் இது நிகழாது.

4. காய்

ஐயத்தை முழுதும் தீர்ப்பது காய். நெருஞ்சிற்காய் முற்றியதும் ஐந்து துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முட்கள், இரண்டு சிறிய முட்கள். துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கி நிற்கும். காலிலும் விலங்கின் குளம்பிலும் ஏறி விதை பரவுவது இதனால்தான். பெருநெருஞ்சிற்காய் பிரியாது, நாற்கோணமாய், மூலைக்கு ஒரு முள்ளாக நான்கு முட்கள் கொண்டது. பருப்புக்கீரையின் காயோ முள்ளே இல்லாத சிறு சிமிழ். மூடி கழன்றால் கரிய பொடி விதைகள் உதிரும்.

5. சங்கச் சான்று

குறுந்தொகை 202ஆம் பாடலில் அள்ளூர் நன்முல்லையார் இச்செடியின் சிறிய இலையையும் கண்ணுக்கினிய புதுப்பூவையும் பிறகு வரும் முள்ளையும் வரிசையாகச் சொல்கிறார். அகப்பொருளுக்காகச் சொன்னதுதான், ஆயினும் மேற்கண்ட மூன்று அடையாளங்களும் அதில் அடங்கிவிட்டன. புறநானூறு 155இல் மோசிகீரனார் இது பாழூரில் வளர்வதையும் பூ ஞாயிற்றை எதிர்கொள்வதையும் சேர்க்கிறார். தாவரவியல் நூல் எழுதுவோர் குறிக்கும் வாழிடமும் பூவின் இயல்பும் அவை. இந்த நுண்ணோக்கு எனக்குப் பெருமிதம் தருகிறது.

6. கடைச்சரக்கு

நெருஞ்சிற்காயைச் சித்த மருத்துவமும் சீன மருத்துவமும் பயன்படுத்துகின்றன. இந்தியச் சந்தையில் பெருநெருஞ்சில் இதற்கு மாற்றாக விற்கப்படுவதுண்டு. காய்ந்த சரக்கில் பூவும் இலையும் கிடைப்பது அரிது. ஆகவே வாங்குவோர் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்க்க வேண்டும்: ஆப்பு வடிவத் துண்டுகள் தென்பட்டால் நெருஞ்சில், நான்கு மூலை முள்ளோடு முழுக்காயாக இருந்தால் பெருநெருஞ்சில்.