பெரெனிகே

பண்டைய கிரேக்கப் பெண்பாற் பெயர். 'ஃபெரோ' (கொண்டுவருதல்), 'நிகே' (வெற்றி) ஆகிய இரண்டும் சேர்ந்த 'ஃபெரெனிகே' இதன் மூலவடிவம். பொருள்: வெற்றி கொணர்பவள். மாசிடோனியர் உச்சரிப்பில் முதலொலி மெலிந்து 'பெரெனிகே' ஆயிற்று.

எகிப்தை ஆண்ட தாலமி மரபின் அரசியர் பலருக்கு இதுவே பெயர். போருக்குச் சென்ற கணவர் மூன்றாம் தாலமி நலமாகத் திரும்ப வேண்டிக் கூந்தலைக் காணிக்கையாக்கினார் இரண்டாம் பெரெனிகே. கோனான் என்ற வானியலாளர் அதை ஒரு விண்மீன் கூட்டமாக வானில் காட்டினார். அதன் பெயர் இன்றும் 'பெரெனிகேயின் கூந்தல்'.

இரண்டாம் தாலமி தன் தாயின் பெயரால் செங்கடற்கரையில் அமைத்த பெரெனிகே துறைமுகத்தில், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடும் ஏழரை கிலோ மிளகும் அகழாய்வில் கிடைத்தன.

தமிழ் விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் 'பெர்னீக்கேயாள்' இப்பெயரே. ஆங்கிலத்தில் பெர்னிஸ்.