இயந்திர நிர்மாணம், கலப்புப் பொருள்களால்

கணிப்பொறி வரைபடத்தின்படி இயங்கும் யந்திரத்தைக் கொண்டு, வெவ்வேறு குணமுள்ள பொருள்களை ஒன்றுசேர்த்துக் கட்டடம் எழுப்பும் முறை. சுவிட்சர்லாந்தில் 2006-ஆம் ஆண்டு ரோபோ அடுக்கிய செங்கற்களால் அமைந்த காண்டன்பைன் மது ஆலையின் முகப்பும், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் 2012-இல் கண்ணாடி இழையையும் கார்பன் இழையையும் ரோபோ சுற்றி உருவாக்கிய பந்தலும் இதன் ஆரம்பகால உதாரணங்கள்.

தமிழ்நாட்டில் இம்முறை, கான்கிரீட் கலவையைக் குழாய்முனை வழியே வரிவரியாக இட்டு அச்சிடும் வடிவத்திலேயே விருத்தியடைந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் பழைய மாணவர்கள் 2016-இல் இதற்கெனத் த்வஸ்தா நிறுவனத்தைத் தொடங்கினர்.

காஞ்சிபுரத்தில் 2020 டிசம்பரில் எல் அண்டு டி நிறுவனம் எழுப்பிய 700 சதுர அடி மாடிக் கட்டடத்தைப் பற்றியே விவரங்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. குழாய்க்குள் தடையின்றி ஓடவேண்டிய கலவை, முனையை விட்டு வெளிவந்த கணமே தன்மேல் வந்து விழும் அடுத்த வரியின் பாரத்தைத் தாங்கி நிற்கவும் வேண்டும் என்பது இத்தொழிலின் முதற்சங்கடம். முனை இடைவிடாது சுற்றிவரும் பாதையில் கம்பியை எங்ஙனம் நிறுத்துவது என்பது இரண்டாவது. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்குமேயன்றி இழுவையைத் தாங்காதாதலின், அதனை எஃகோடு இணைத்தாலன்றி மாடி எழுப்புதல் அரிது. காஞ்சிபுரத்தில் நிலைக்கம்பிகளையும் கிடைக்கம்பிகளையும் பற்றவைத்த வலையையும் சுவரோடு சேர்த்தே, தளப்பலகைகள் நீங்கலாக மற்றனைத்தையும், திறந்த வானத்தின் கீழ், 106 மணி நேர அச்சிடலில் முடித்தனர். தழைய விழுந்த அவ்வரிகள், பூச்சிடாத சுவரில் ஒன்றன்மேலொன்றாய்த் தெளிவாகத் தெரியும் அழகு தனிப்பட்டது.

ஐ.ஐ.டி. வளாகத்தில் த்வஸ்தா அமைத்த 600 சதுர அடி வீடு 2021 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மின்கம்பியும் நீர்க்குழாயும் செல்வதற்கெனச் சுவரின் நடுவே வெற்றிடம் விட்டிருந்தனர். இதுவே இந்தியாவின் முதல் அச்சு வீடு என்பர். காஞ்சிபுரக் கட்டடம் காலத்தால் முந்தியதாதலின், 'முதல்' என்பதை வீடு, மாடிக் கட்டடம் என வகை பிரித்துக் கொள்வதே பொருத்தமாகலாம். இவ்வீடு ஐந்து நாளில் முடிந்தது என்று சொல்லப்படுவதும் அச்சிடலை மட்டுமே குறிக்கும் என்னும் அபிப்பிராயம் உண்டு.

இனி மலைநாட்டை நோக்கின், கொல்லிமலையின் ஆலத்தூர் நாடு முதலிய இடங்களில் மண்சுவரும் புல்வேய்ந்த கூரையுமாகக் கலப்புப் பொருளால் வீடு கட்டும் சம்பிரதாயம் பழமையானது. ஆனால் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பெரிய அச்சு யந்திரத்தை ஏற்றிச் செல்வது எளிதன்று. மலைநாட்டுக்கு ஏற்ற சிறிய சாதனம் மிகவும் வேண்டற்பாலது.

தமிழ்நாட்டுக்கு வெளியே, பெங்களூரு அல்சூரில் 1,021 சதுர அடியில், சென்னை ஐ.ஐ.டி.யின் தொழில்நுட்ப ஆலோசனையோடு எல் அண்டு டி அச்சிட்ட அஞ்சலகம் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.